அப்பாவின் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வைரஸா காரணம்?

கேள்வி: ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 66 வயது, வயல் வேலை. நாலு மாதமாகச் சோறு நெஞ்சுக்குள் நிற்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது கஞ்சிதான் இறங்குகிறது. கமரா விட்டுப் பார்த்துவிட்டு 28 சென்ரிமீற்றரில் ஒரு வளர்ச்சி இருக்கிறது என்றார்கள். சதைத் துண்டு சோதித்த றிப்போட்டில் ஸ்குவாமஸ் செல் புற்றுநோய் என்று வந்திருக்கிறது. சி.ரி. ஸ்கானுக்கு மறுகிழமை திகதி. கனடாவில் இருக்கிற தம்பி ஒரு காணொளி அனுப்பி, இது எச்.பி.வி. வைரசால் வருவது, அந்தச் சோதனையை இந்தியாவில் செய்வித்துவிட்டுப் பிறகு சிகிச்சையைத் தொடங்கலாம், அதுவரை ஸ்கானைத் தள்ளிப் போடு என்கிறான். அது எப்படிப் பரவும் என்று தேடி வாசித்த பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அப்பாவின் தட்டையும் கோப்பையையும் வேறாக்கிவிட்டோம். பிள்ளைகளைக் கிட்ட விடுவதில்லை. மகள் ஆறாம் வகுப்பு. அந்த வைரசுக்கான ஊசிக்குச் சம்மதம் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் கடிதம் தந்திருக்கிறார்கள். போடலாமா? நானும் (41) மனைவியும் போட வேண்டுமா? அப்பா வெற்றிலை புகையிலை போடுவார், சுருட்டும் உண்டு. எனக்கு அந்தப் பழக்கம் எதுவும் இல்லை, வேலை நேரத்தில் மாவா மட்டும்.

பதில்: ஸ்கான் திகதியைத் தள்ளாதீர்கள். அப்பாவின் தட்டையும் கோப்பையையும் இன்றைக்கே பழைய இடத்தில் வையுங்கள், பேரப்பிள்ளைகளை அவர் மடியில் இருக்க விடுங்கள். வைரஸ் பற்றிய கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் இந்த இரண்டும் மாறப்போவதில்லை. ஆனால் அந்தக் கேள்வி உங்கள் வீட்டையே குழப்பி வைத்திருப்பதால் அதை விவரமாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த 28 சென்ரிமீற்றர். கமரா விடும்போது முன்பல்லில் இருந்து அளக்கிற தூரம் அது. உணவுக்குழாய், பாடப்புத்தகத்தில் பிள்ளைகள் களம் என்று படிப்பது, முன்பல்லில் இருந்து ஏறத்தாழ 15 சென்ரிமீற்றரில் தொடங்கி 40இல் இரைப்பையோடு சேரும். அப்படியென்றால் அப்பாவின் கட்டி நெஞ்சுக்கு நடுவில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்துக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. எச்.பி.வி.யால் வருகிறது என்று நிரூபிக்கப்பட்ட தொண்டைப் புற்றுநோய், உள்நாக்குக்கு இரு பக்கமும் இருக்கிற ரொன்சிலிலும் நாக்கின் அடியிலும் வருவது. அப்பாவின் கட்டி அங்கிருந்து ஒரு சாண் கீழே. தம்பி அனுப்பிய காணொளி பெரும்பாலும் அந்த மேல் தொண்டையைப் பற்றியதாகத்தான் இருக்கும். கனடாவிலும் அமெரிக்காவிலும் அது கூடிக்கொண்டு வருவதால் அங்குள்ளவர்களுக்கு அது பெரிய பேச்சு. அவர் சொன்னது பொய்யில்லை, வேறு இடத்துக்கு உரிய உண்மை.

எச்.பி.வி. (மனிதப் பப்பிலோமா வைரஸ்) என்பது ஒரே வைரஸ் அல்ல, 200க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் வருகிற பாலுண்ணியும் அதில் ஒரு வகையால்தான் வருகிறது. புற்றுநோயோடு சம்பந்தப்படுவது ஒரு பத்துப் பதினைந்து வகைதான், அவற்றிலும் முக்கியமானவை 16, 18. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு இதுதான் காரணம் என்று காட்டியதற்காக ஜேர்மனியின் ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் எச்.பி.வி. 16 புற்றுநோய் உண்டாக்கும் உறுப்புகளைப் பட்டியலிட்டிருக்கிறது: கருப்பைக் கழுத்து, யோனி, அதன் வெளிப்பகுதி, ஆணுறுப்பு, ஆசனவாய், வாய், ரொன்சிலோடு சேர்ந்த தொண்டைப் பகுதி. உணவுக்குழாய் அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்காக உணவுக்குழாயைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பின்லாந்து நோயியல் நிபுணர் காரி சிர்யானென் 1982இலேயே உணவுக்குழாய்ப் புற்றுநோய்த் துண்டுகளில் எச்.பி.வி. தொற்றில் காணப்படுகிற மாதிரியான செல் மாற்றங்கள் இருக்கின்றன என்று எழுதினார். அதற்கு முன்னரே, 1978இல், ஸ்கொட்லாந்தில் ஜரெட் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளரும் குழுவினரும் மாடுகளில் இதைப் பார்த்திருந்தார்கள். அங்குள்ள மேட்டுநில மாடுகளுக்கு ஒரு மாட்டுப் பப்பிலோமா வைரசால் உணவுக்குழாயில் பருக்கள் வரும். அந்த மாடுகள் பிறக்கன் என்ற ஒருவகைப் பன்னத்தையும் சேர்த்து மேய்ந்தால் பரு புற்றுநோயாக மாறும். வைரஸ் மட்டும் இருந்த மாட்டுக்குப் பரு வந்தது, பன்னத்தின் நஞ்சும் சேர்ந்தபோதுதான் புற்றுநோய் வந்தது. மாடு வளர்க்கிறவர்கள் பயப்பட வேண்டாம், அந்த வைரஸ் மாட்டில் இருந்து மனிசருக்குத் தொற்றாது. மனிதரில் இந்தக் கேள்வியை எழுப்பியது முட்டாள்தனம் அல்ல என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

பி.சி.ஆர். சோதனை பரவலாக வந்த பிறகு உலகம் முழுவதும் கட்டித் துண்டுகளில் இந்த வைரஸைத் தேடினார்கள். முடிவுகள் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. ஓர் ஆய்வுகூடம் பாதிக்குப் பாதி இருக்கிறது என்றது, இன்னொன்று ஒன்றிலும் இல்லை என்றது. ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி. நோய் மாறியதைவிடச் சோதனை மாறியதே இதற்குப் பெரிய காரணம். பி.சி.ஆர். ஒரு சில வைரஸ் துணுக்குகளைக்கூடப் பல கோடியாகப் பெருக்கிக் காட்டும். கமரா வாய் வழியாகத்தான் போகிறது, வாயில் இருக்கிற வைரஸ் கூடவே போகும். சதைத் துண்டுகளை மெழுகில் பதித்துச் சீவும்போது முன்னர் சீவிய கருப்பைக் கழுத்துத் துண்டின் தூசி அலகில் ஒட்டியிருந்தாலும் அடுத்த றிப்போட்டில் வைரஸ் உண்டு என்று வரலாம். அப்படியே கட்டிக்குள் உண்மையாக வைரஸ் இருந்தாலும் அது கட்டியை உண்டாக்கியது என்று ஆகாது. புண்பட்ட இடத்தில் பிறகு வந்து குடியேறியதாகவும் இருக்கலாம்.

வைரஸ்தான் செய்தது என்று சொல்ல வேறு ஆதாரம் வேண்டும். இந்த வைரஸ் ஒரு செல்லைப் புற்றுநோயாக்குவது ஈ6, ஈ7 என்ற தன் இரண்டு புரதங்களால். ஈ7, செல் பெருகுவதற்குப் போட்டிருக்கிற தடையை எடுத்துவிடும். ஈ6, பழுதான செல்லைச் சாகடிக்கிற பி53 என்ற காவல் புரதத்தை அழித்துவிடும். வைரஸே புரதத்தை அழிப்பதால் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் பி53 மரபணு பெரும்பாலும் பழுதில்லாமலே கிடக்கும். உணவுக்குழாயின் உட்படைச் செல்லில் தொடங்குகிற ஸ்குவாமஸ் புற்றுநோயிலோ மிகப் பெரும்பாலானவற்றில் அந்த மரபணுவே சிதைந்திருக்கிறது. அது புகையிலையும் மதுவும் செய்கிற வேலையின் அடையாளம். 164 உணவுக்குழாய்க் கட்டிகளின் மரபணுக்களை அலசி 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வும் ஸ்குவாமஸ் வகையின் எந்தப் பிரிவிலும் எச்.பி.வி. காரணமாக இருந்ததற்கு ஆதாரம் காணவில்லை.

இடமும் ஒரு காரணம். கருப்பைக் கழுத்தில் இரண்டு வகைத் தோல் சந்திக்கிற விளிம்பிலும், ரொன்சிலின் குழிகளிலும் மேற்படை மெல்லியது. அடியில் இருக்கிற செல்லை வைரஸ் எளிதில் எட்டும். உணவுக்குழாயின் உட்படை பல அடுக்குத் தடிப்பு. காயம் பட்டால்தான் வைரஸ் அடிவரை போகும். சீனாவின் ஹெனான் மாகாணம் போல இந்தப் புற்றுநோய் மிக அதிகமான இடங்களில், சிறு பங்கினருக்காவது வைரஸ் துணைக் காரணமாக இருக்குமோ என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. என் கணிப்பில், கொடுப்புக்குள் புகையிலை அடக்கிச் சுருட்டும் பிடித்த 66 வயது மனிதருக்கு வைரஸைத் தேடிப் போக எந்தத் தேவையும் இல்லை.

மற்ற வைரஸ்களைப் பற்றியும் யாராவது சொல்லக்கூடும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் மூக்கின் பின்புறப் புற்றுநோயோடும் இரைப்பைப் புற்றுநோயில் ஒரு சிறு பங்கோடும் சம்பந்தப்பட்டது, உணவுக்குழாயோடு அல்ல. ஹெர்பிஸ், சைற்றோமெகலோ வைரஸ்கள் நோயெதிர்ப்பு குறைந்தவர்களுக்கு உணவுக்குழாயில் புண் உண்டாக்கும். விழுங்கும்போது கடுமையாக நோகும், மருந்தால் மாறும், புற்றுநோய் ஆகாது.

இனி இந்தியாவுக்கு அனுப்புகிற சோதனை. செய்ய முடியும். ஆனால் முடிவு உண்டு என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் அப்பாவுக்குக் கொடுக்கிற சிகிச்சை ஒன்றுதான். ரொன்சில் புற்றுநோயில் பி16 என்ற சாயச் சோதனை நோயின் போக்கைச் சொல்லும். உணவுக்குழாயில் அந்தச் சோதனையை நம்பி எதையும் தீர்மானிப்பதில்லை. கட்டிக்குள் இருக்கிற எச்.பி.வி.க்கு மருந்தும் கிடையாது. சோதனைக்குப் போகிற கிழமைகளில் அப்பா இழப்பது உடல் நிறையை. சோறு தடுக்கத் தொடங்கும்போதே குழாயின் உள்வழி பாதியளவுக்குச் சுருங்கியிருக்கும். கஞ்சிக்கு வந்துவிட்டார் என்றால் அதற்குப் பிறகு வேகமாக மெலிவார். மெலிந்தவருக்குப் புற்றுநோய் மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் முழு அளவில் கொடுக்க முடியாமல் போகும். தம்பிக்கு இதைச் சொல்லுங்கள். சோதனைக்குச் செலவழிக்க இருந்த காசை அப்பாவின் பால்மாவுக்கும், வைத்தியசாலைக்குப் போய்வரும் வாகனத்துக்கும், தங்குமிடத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவைப் பற்றியும் தட்டைப் பற்றியும். புற்றுநோய் தொற்றாது. எச்.பி.வி. தொற்றும், ஆனால் அது தோலும் உள்தோலும் நேரே உரசுவதால் பரவுவது. தட்டு, கோப்பை, ஒரே கிணற்றடி, ஒரே பாய், இவற்றால் அல்ல. மணவாழ்க்கை உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகும், பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே மாறிவிடும். ஒருவருக்கு அந்த வைரஸ் இருப்பது அவருடைய நடத்தைக்குச் சாட்சி அல்ல, எத்தனையோ வருடத்துக்கு முந்திய தொற்றாகவும் இருக்கலாம். அப்பாவின் நோய்க்கு அது காரணம் என்பதற்கே ஆதாரம் இல்லாதபோது இந்தச் சந்தேகத்தை அம்மாவின் காதில் போடாதீர்கள். அப்பாவிடமும் கேட்காதீர்கள்.

அப்பாவின் பக்கம் ஆதாரம் உள்ள காரணங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த கூட்டு புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்டது. பாக்கு தனியாகவே அந்த முதல் வகுப்பில் இருக்கிறது. நம்மவர்கள் சாற்றைத் துப்புவதோடு பாதியை விழுங்கவும் செய்கிறார்கள், அது இறங்குகிற வழிதான் உணவுக்குழாய். சுருட்டுப் புகையின் தாரும் எச்சிலில் கரைந்து அதே வழியாகத்தான் போகிறது. இதோடு சாராயமோ கசிப்போ சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக அல்ல, பெருக்கலாக ஏறும். நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. இருந்தால் டொக்டரிடம் மறைக்க வேண்டாம், சிகிச்சை தொடங்கும்போது திடீரென்று நிறுத்தினால் நடுக்கமும் பிதற்றலும் வரக்கூடும் என்பதால் அவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் குடிக்கிற எந்தப் பானமும் அநேகமாக உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று அதே புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2016இல் வகைப்படுத்தியது. குற்றம் தேயிலையில் இல்லை, சூட்டில். வரம்பில் நின்று அடுப்பால் இறக்கிய பிளேன்ரீயை உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கிறவர்கள், உறிஞ்சாமல் வாயில் வைத்திருக்க முடிகிற அளவுக்கு ஆற்றிக் குடிக்கட்டும்.

பெண்களில் இன்னொரு காரணம் உண்டு, அதிகம் பேசப்படுவதில்லை. நீண்டகால இரும்புச்சத்துக் குறைவால் உணவுக்குழாயின் மேல்முனையில் மெல்லிய சவ்வு வளர்ந்து விழுங்கக் கஷ்டம் வரும். அவர்களில் சிலருக்கு அந்த இடத்திலேயே புற்றுநோய் வரும். வெளிறிப்போய், நாக்கு வழுவழுப்பாகி, விழுங்கும்போது தடுக்கிறது என்று சொல்கிற பெண்ணை வெறும் இரத்தச்சோகை என்று குளிசையோடு அனுப்பிவிடக் கூடாது. கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று கூடுவதையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் அது உண்மையாகவே ஒரு பிரச்சினை. ஆனால் புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று புகையிலையைச் சொல்கிற உறுதியோடு சொல்ல முடியாது.

ஸ்கானுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது சிறுநீரகம். நரம்பில் ஏற்றுகிற சாயமருந்தும், பிறகு கொடுக்கக்கூடிய சிஸ்பிளாற்றின் என்ற மருந்தும் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியவை. வன்னியில் வயல் வேலை செய்கிற ஆண்களுக்குக் கிட்னி வருத்தம் அறிகுறி இல்லாமலே இருக்கலாம். கிரியற்றினின் இரத்தச் சோதனை றிப்போட் கையில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் ஸ்கானுக்கு முன் கேட்டு எடுங்கள். நீரிழிவுக்கு மெற்போமின் எடுக்கிறார் என்றால் சிறுநீரகம் பலவீனமானவர்கள் சாயம் ஏற்றிய பிறகு 48 மணித்தியாலம் அதை நிறுத்த வேண்டியிருக்கும், கேளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது குளிசை எடுக்கிறாரா, முன்பு ஊசிமருந்துக்கு ஒவ்வாமை வந்ததா என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கமரா றிப்போட், பயொப்சி றிப்போட், கிளினிக் கொப்பி மூன்றையும் ஒரே உறையில் வையுங்கள், படம் எடுத்துக் கைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியசாலை மாறும்போது தொலைவது இவைதான்.

ஸ்கான், கட்டி சுவரைத் தாண்டியதா, நிணநீர்க் கணுக்களுக்கோ ஈரலுக்கோ நுரையீரலுக்கோ போய்விட்டதா என்று காட்டும். கட்டி மூச்சுக்குழாய்க்குக் கிட்ட இருப்பதால் அதற்குள்ளும் கமரா விட்டுப் பார்க்கக்கூடும், பயப்பட வேண்டாம். வாயையும் தொண்டையையும் காது மூக்குத் தொண்டை டொக்டர் ஒருமுறை பார்ப்பது நல்லது. வெற்றிலையும் புகையும் முழு வழியையும் கெடுத்திருப்பதால் சிலருக்கு இரண்டாவது கட்டி வேறிடத்தில் இருக்கும். பிறகு தெல்லிப்பளை அல்லது மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். பரவாமல் இருந்து உடம்பும் தாங்கும் என்றால் வழக்கமான முறை, கிழமைக்கு ஒருமுறை மருந்தும், கிழமைநாட்களில் கதிர்ச்சிகிச்சையுமாக ஏறத்தாழ 5 கிழமை (23 தடவை, மொத்தம் 41.4 கிரே), அதன் பிறகு சத்திரசிகிச்சை. சத்திரசிகிச்சை செய்ய முடியாதவர்களுக்குக் கதிரின் அளவைக் கூட்டி 50 கிரே வரை கொடுத்து அதோடு நிறுத்துவதும் உண்டு. பரவிவிட்டது என்றால், உள்ளே ஒரு கம்பிவலைக் குழாயை வைத்துச் சாப்பாட்டு வழியைத் திறந்து விடுவார்கள், அது முக்கியமான உதவி. ஒட்டுசுட்டானில் இருந்து நாளாந்தம் போய்வர முடியாது. 5 கிழமை யார் கூடநிற்பது, எங்கே தங்குவது என்பதை இப்போதே கதைத்து வையுங்கள். நடுவில் நாட்கள் விடுபட்டால் கதிரின் பலன் குறையும்.

அதுவரை வீட்டில் செய்ய வேண்டிய வேலை சாப்பாடு. அப்பா 50 கிலோ என்றால் நாளைக்கு 1500 கலோரியும் 60 முதல் 75 கிராம் புரதமும் வேண்டும். வெறும் கஞ்சித் தண்ணியில் அது வராது. பச்சரிசி 100 கிராம், கோது நீக்கிய பயறு 50 கிராம், இரண்டையும் குழைய அவித்து அரைத்து வடித்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற கஞ்சியிலேயே நாளுக்கு 3 முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவையுங்கள், பச்சையாகக் கொடுக்க வேண்டாம். தேங்காயெண்ணெயோ நெய்யோ 2 மேசைக்கரண்டி. முழு ஆடைப் பால்மா 90 கிராமை மூன்று தரமாகக் கரைத்துக் கொடுங்கள். ஒரு வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் கணக்கு 1500 கலோரிக்கும் 60 கிராம் புரதத்துக்கும் வந்துவிடும். இதை 6 முதல் 8 தடவையாகப் பிரித்து, ஒருதடவைக்கு ஒரு கோப்பைக்கு மேல் போகாமல், நிமிர்ந்து இருத்திக் கொடுங்கள். பிறகு அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் படுக்க விடக் கூடாது. பாலால் வயிற்றோட்டம் வந்தால் அளவைக் குறைத்து முட்டையைக் கூட்டுங்கள். நீரிழிவு இருந்தால் கிளினிக்கில் கேட்டு மாற்றுங்கள், பட்டினி போட வேண்டாம். ஐந்தாறு நாளாக அநேகமாக ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு ஒரேயடியாக முழு அளவையும் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகள் தாறுமாறாகிப் படுக்கையில் விழுத்தும். அப்படியானவரை வைத்தியசாலையில் காட்டிப் பாதியில் இருந்து தொடங்குங்கள்.

பாண், காய்ந்த புட்டு, இறைச்சித் துண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மீன் முள்ளு எதுவும் வேண்டாம். ஒடியற்கூழ் ஆசைப்பட்டால் வடித்து, ஆற்றிக் கொடுங்கள். தடுத்து நின்றால் விரல் விட்டு ஓங்காளிக்கச் செய்வதும், மேலே சோற்று உருண்டையை விழுங்க வைத்துத் தள்ளுவதும் கூடாது. பார்வை பார்த்து நூல் கட்டுவதில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் கட்டுங்கள், திகதி மட்டும் பிந்தக்கூடாது. பெரிய குளிசைகளைக் கரைசலாக மாற்றித் தரச் சொல்லுங்கள். எல்லாக் குளிசையையும் இடித்துக் கொடுக்க முடியாது, சிலவற்றை இடித்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

எச்சில்கூட இறங்காமல் வழிகிறது, தண்ணி குடித்தவுடன் இருமிப் புரையேறுகிறது, இரத்தமாக வாந்தி எடுக்கிறார், மலம் தார்போலக் கறுத்துப் போகிறது, காய்ச்சலோடு நெஞ்சுக்குள் குத்துகிறது: இதில் எது வந்தாலும் கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம், அன்றைக்கே மாவட்டப் பொது வைத்தியசாலை. குடித்தவுடன் இருமுவது, கட்டி மூச்சுக்குழாய்க்குள் துளைத்துவிட்டதால் இருக்கலாம். குரல் கம்முவதையும் அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள்.

மகளின் கடிதத்தில் கையெழுத்து வையுங்கள். 2017இல் இருந்து நாடு முழுவதும் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிற ஊசி அது. ஆறு மாத இடைவெளியில் இரண்டு என்றுதான் தொடங்கினார்கள். தாத்தாவின் நோய்க்காக அல்ல, கருப்பைக் கழுத்துக்காகப் போடுவது. வைரஸ் உடம்புக்குள் வர முன்னர் போட்டால்தான் பலன், அதனால்தான் அந்த வயது. கையில் நோவு, லேசான காய்ச்சல் வரலாம். சில பிள்ளைகள் ஊசிப் பயத்தில் மயங்குவதால் 15 நிமிடம் இருத்தி வைப்பார்கள். காலையில் சாப்பிட்டுப் போகட்டும். உங்களுக்கும் மனைவிக்கும் இந்த வயதில் அந்த ஊசி தேவையில்லை. மனைவிக்கு 35 ஆகிவிட்டது என்றால் அவருக்கு வேண்டியது ஊசியல்ல, சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்துச் சோதனை. ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் நாள் சொல்வார்.

கடைசியாக, ‘மாவா மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மாவாவில் இருப்பது பாக்குச் சீவலும் புகையிலையும் சுண்ணாம்பும். அப்பாவின் கொடுப்பில் இருந்த அதே சாமான், வெற்றிலை இல்லாமல். உங்கள் வீட்டில் அடுத்த உணவுக்குழாய்ப் புற்றுநோய் வருமென்றால் அது வரக்கூடிய வழி இதுதான், வைரஸ் அல்ல. நிறுத்தின முதல் மூன்று நாலு நாள் எரிச்சலும் தலையிடியும் நித்திரைக் குழப்பமுமாக இருக்கும், இரண்டு மூன்று கிழமையில் அடங்கும். வேலைத்தளத்தில் கூட்டாக வாங்குகிற பழக்கம்தான் ஆட்களைத் திரும்ப இழுப்பது, அதனால் நிறுத்துகிற நாளைக் கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாய் கேட்கும்போது கச்சான், கராம்பு, ஏலக்காய் எதையாவது போடுங்கள். புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் மெல்வது வழியல்ல. பாக்குக் கலந்து விற்கிற பாபுல் பக்கற்றும் வழியல்ல.

அதோடு நாளைக்குக் காலையில் பல் தீட்டின பிறகு, வெளிச்சத்தில் கண்ணாடி முன்னால் நின்று இதைச் செய்யுங்கள். உங்கள் மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போகவில்லை என்றால், காரம் பட்டால் வாய் எரிகிறது என்றால், கொடுப்பின் உட்தோல் வெளிறி இறுகியிருந்தால், பாக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. நாக்கை வெளியே நீட்டி இரண்டு விளிம்பையும், பிறகு மேலே தூக்கி அடியையும், உதட்டை மடித்து உள்பக்கத்தையும் பாருங்கள். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண், கழுத்தில் கட்டி, இதில் எது இருந்தாலும் ஆதார வைத்தியசாலையின் பற்சிகிச்சைக் கிளினிக்கில் காட்டுங்கள். அம்மாவும் வெற்றிலை போடுகிறவர் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.